நீதி கேட்கும் நாட்டாமைகள்

சிறார் இலக்கியத்துக்கு அண்மையில் ஒரு பரிசு அறிவித்தார்கள். மாயாஜாலத்துக்கு இடம் கொடுக்காமல் நற்பண்புகளை ஊட்டுவதுதான் அந்த நூலின் சிறப்பாம். உடனே ஓர் இதழ் அதை வழிமொழிந்தது: சாகசத் தொடர்களும் மாயத் தொடர்களும் மேற்கத்தியச் சரக்கு, நம் பிள்ளைகளுக்கு மண் சார்ந்த கதைகளே போதும்.

எந்த மண்? சங்கரன்கோவிலில் மண் என்றால் புற்றுமண். சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற நாகர்கள் வழக்கு வளர்க்க, கோமதியம்மன் தவமிருக்க, பாதி சிவனும் பாதி திருமாலுமாக ஓர் உருவம் தோன்றிய ஊர் இது. ஆடித்தபசு அன்று அந்தக் காட்சிக்காகத் தெருக்கொள்ளாத கூட்டம். வெள்ளையர் பிடித்துக்கொண்டு போகையில் சாமி கும்பிட உள்ளே போன பூலித்தேவர் திரும்பவே இல்லை, சோதியில் கலந்துவிட்டார் என்று சொல்லி, அவர் மறைந்த இடத்தையும் கோயிலுக்குள் காட்டுகிறோம். இந்த ஊர்ப் பிள்ளைக்கு மாயம் ஆகாது என்று யார் போய்ச் சொல்வது?

தொடரும் நமக்குப் புதிதல்ல. பெரிய எழுத்து விக்கிரமாதித்தனில் 32 பதுமைகள் போஜராஜனைப் படிக்குப் படி மறித்து ஆளுக்கொரு கதை சொல்கின்றன. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவின் தொடர்கதைகளை எழுதியது யார் என்று அன்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. தெலுங்கில் அவற்றில் பலவற்றை எழுதிய தாசரி சுப்பிரமணியத்தின் பெயர் வாசகர்களுக்குத் தெரிய வர வெகுகாலம் ஆயிற்று. ஓவியர் சித்ரா வரைந்த மந்திரவாதிகளோ முதல் பார்வையிலேயே மனதில் ஒட்டிக்கொண்டார்கள்.

பிறகு 1972. பக்கத்துச் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நகரும். அசல் பிரிட்டிஷ் சரக்குதான். அதிலும் தொடக்கத்தில் அவன் ஒரு குற்றவாளி, நல்லவனாவதெல்லாம் பிற்பாடு. நடுவர்கள் கையில் கிடைத்திருந்தால் முதல் பக்கத்திலேயே கிழித்துப் போட்டிருப்பார்கள். அதைப் படித்த தலைமுறை வங்கியைக் கொள்ளையடிக்கவில்லை. வங்கி வேலைக்குத்தான் போனது. மிஞ்சிய சிலர் சிற்றிதழ் நடத்திக் கைக்காசை இழந்தார்கள்.

நீதிக்கதை ஒரு பக்கத்தில் முடிந்துவிடும், வாசிப்பும் அதோடு முடிந்துவிடும். தொடர் அப்படி விடாது. இருபது பாத்திரங்களை நினைவில் வைத்திருக்க வேண்டும், முதல் பாகத்தில் காணாமல் போன மோதிரம் ஏன் போனது என்று யோசிக்க வேண்டும், அடுத்த பாகத்துக்குக் காத்திருக்க வேண்டும். வாசகன் உருவாவது அந்தக் காத்திருப்பில்தான். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வகுத்துச் சிறு நூல்களைத் தந்தது நல்ல காரியம். பறக்கத் தெரிந்துவிட்ட பிள்ளை அப்புறம் எங்கே போகும்?

நூலகத்துக்குப் போகும். நாம் பார்த்த ஒரு நூலகத்தில் ஐந்து பாகத் தொடர் ஒன்றில் 1, 2, 4 மட்டும் இருந்தன. விசைத்தறிக்காரர் வீட்டுப் பெண், ஏழாம் வகுப்பு, மூன்றாம் பாகம் கேட்டு நின்றாள். "நாலை எடுத்துட்டுப் போம்மா, எல்லாம் ஒண்ணுதான்" என்று பதில். பொன்னியின் செல்வனில் இரண்டாம் பாகம் முடித்தவரிடம் இப்படிச் சொல்லிவிட்டு முழு உடம்போடு வீடு திரும்ப முடியுமா? பிள்ளைதானே என்ற அலட்சியம். மூன்றாம் பாகம் இல்லாத அலமாரியைக் கட்டி வைத்துவிட்டு, கைபேசி பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்று கருத்தரங்கம் போடுகிறோம்.

இதில் நம் சிற்றிதழ்க் கூட்டத்தின் பங்கும் உண்டு. லத்தீன் அமெரிக்க நாவலில் வரும் மக்கோந்தோ ஊருக்கு நாடோடிகள் பறக்கும் கம்பளம் கொண்டுவந்தபோது மாய யதார்த்தம் என்று கைதட்டினோம். அதே கம்பளம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் இருந்தால் தப்பித்தல்வாதம். கதையிலிருந்து கருத்தைப் பிழிந்து குடிக்கும் பழக்கம் முற்போக்கு முகாமுக்கும் உண்டு, பஜனை மடத்துக்கும் உண்டு. இந்த விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒரே பந்தியில் உட்காரும். பரிந்துரைப் பட்டியல் போடுகிறவர்களில் எத்தனை பேர் அந்தத் தொடர்களை முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகம் வரை படித்திருக்கிறார்கள்? படிக்காமல் பரிந்துரைப்பதும் படிக்காமல் தடுப்பதும் ஒரே சோம்பேறித்தனம்.

அடுத்த இதழ் முதல் சிறார் தொடர்களுக்கு மதிப்புரைப் பக்கங்கள் ஒதுக்குகிறோம். எல்லாப் பாகங்களையும் படித்தவர்கள் எழுதலாம். "இக்கதை உணர்த்தும் நீதி" என்று முடியும் கட்டுரைகள், தபால்தலை ஒட்டிய உறை இருந்தால் திருப்பி அனுப்பப்படும்.