தகரம் மலிவு! யாருக்கு மலிவு?

"கூரைக்கு வெப்பத்தடுப்பா? வீண் செலவு!" என்கிறார்கள் முதலாளிமார். செக்ரோலில் ஒரு காசு பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் கனவான்கள் அவர்கள். ஆகவே நாமும் கணக்கிலேயே பதில் சொல்வோம்.

சிங்கப்பூர் பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர். சூரியன் உச்சிக்கு மேலே நிற்கிறான். சுவரைவிடக் கூரைதான் அதிக வெயிலைக் குடிக்கிறது. வெறும் தகரம் நண்பகலில் 60 பாகை செல்சியஸைத் தாண்டிச் சுடும். அத்தாப்பு எரியும், தகரம் எரியாது என்பார்கள். மெய்தான். 1961-ல் புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீ ஏறக்குறைய 16,000 பேரை வீடற்றவராக்கியது. அதற்காக எரியாத கூரைக்கு அடியில் மனிதன் வேக வேண்டுமா?

செலவில் குறைந்தது வெள்ளைப் பூச்சு. வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும். பாசி படிந்தால் பலன் குறையும். கழுவவும் மறுபடி பூசவும் வேண்டும். அடுத்தது கூரைக்குக் கீழே அலுமினியத் தாள். பளபளப்பான தாள், படும் வெப்பக் கதிரில் நூற்றுக்கு 95 பங்கைத் திருப்பும். ஆனால் தகரத்துக்கும் தாளுக்கும் நடுவே காற்றிடைவெளி வேண்டும். ஒட்டி அடித்துவிட்டுக் காசு வாங்கிப் போகிற குத்தகைக்காரரிடம் ஜாக்கிரதை! கண்ணாடிப் பஞ்சு நல்லதே, நனையாத வரையில். நுரைப் பலகை விலை கூடியது. தீக்கும் பயப்பட வேண்டும். குளிர்நாட்டார் சுவருக்குள் பஞ்சு திணிக்கிறார்கள். அங்கே வீட்டுக்கும் வெளிக்கும் இருபது பாகைக்கு மேல் வித்தியாசம். இங்கே சில பாகைதான். நம் முதல் வெள்ளி கூரைக்கே போகட்டும்.

இவை எதையும் செய்யாதவர் என்ன செய்கிறார்? குளிர்சாதனத்தை மாட்டுகிறார். ஒரு கிலோவாட் இழுக்கும் பெட்டி இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் 8 யூனிட். 50 வாட் விசிறிக்கு 0.4 யூனிட். ஒரு பெட்டிக்கு இருபது விசிறி! யூனிட் 30 காசு என்று வைத்தால் மாதம் 72 வெள்ளி. கூரைச் செலவை மிச்சம் பிடித்தவர் வீட்டுக்காரர். இந்த 72 வெள்ளியைக் கட்டுகிறவர் குடியிருப்பவர். மலிவின் மர்மம் இதுதான், தோழர்களே!

தேக்காவின் பழைய கடைவீடுகளைப் பாருங்கள். மண் ஓடு, உயர்ந்த கூரை, நடுவே காற்று இறங்கும் முற்றம். கட்டிய கொத்தனாருக்கு வெயில் தெரிந்திருந்தது. அந்த மாடியைப் பலகையால் தடுத்து அறை அறையாக வாடகைக்கு விடுகிறவருக்கு வாடகை மட்டுமே தெரிகிறது.

1979-ல் அரசு கட்டடத்துக்குள் புகும் வெப்பத்துக்கு வரம்பு கட்டியது. யாருடைய கட்டடத்துக்கு? முதலில் குளிர்சாதனக் கட்டடங்களுக்கு! ஆனால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிகளின் உச்சியில் இடைவெளி விட்டு இரண்டாவது கூரையாகச் சிமெண்டுப் பலகை பரப்பியது. 2021-ல் தெம்பனிஸில் சுமார் 130 புளோக்குகளுக்கு வெப்பம் திருப்பும் பூச்சையும் அறிவித்தது. பொதுப்பணத்தில் முடிகிற காரியம் முதலாளியின் பணத்தில் ஏன் முடியாது?

தோட்ட லயமோ, பட்டணத்துத் தொழிலாளர் விடுதியோ, அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் கூலிக்குப் பக்கத்திலேயே கூரையையும் எழுதக் கேட்போம். பூச்சும் தாளும் நிர்வாகச் செலவு. கரண்டு பில்லில் ஏற்றக் கூடாது. கிராணிமார் இப்போதே லயம் லயமாகப் போய் எத்தனை கூரை வெறும் தகரம் என்று எண்ணிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.