பங்கேற்புக் கலையின் பதிவேட்டில் யார் பெயர்?

விஸ்வநத்தம் வட்டாரத்துப் பட்டாசு விபத்து வழக்குகளில் நாம் முதலில் தேடுவது வருகைப் பதிவேட்டை. உரிமம் ஒருவர் பெயரிலும் உள்குத்தகை வேறொருவர் கையிலும் உள்ள ஆலையில், இறந்தவர் அங்கே வேலை செய்தார் என்பதையே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கலைக்காட்சிகளின் திறப்பு விழாக்களுக்குச் செல்லும்போதும் நம் கண் அந்தப் பதிவேட்டையே தேடுகிறது.

பார்வையாளரும் சேர்ந்து படைப்பதைப் பங்கேற்புக் கலை என்கிறார்கள். 2018 டிசம்பரில் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பினாலேயில் சீனக் கலைஞர் சொங் தொங்கின் 'நீர்க்கோயில்' அத்தகையது. அதன் சுவர்களில் பார்வையாளர்கள் தண்ணீரால் வரைந்தனர். ஈரம் உலர ஓவியம் மறைந்தது. அனிதா துபே பொறுப்பேற்று நடத்திய அந்தப் பினாலேயின் கருப்பொருள், அந்நியமாகாத வாழ்வுக்கான சாத்தியங்கள். அது முடிவடைந்த 2019 மார்ச்சில், அரங்குகளை அமைத்த தொழிலாளர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் பணம் பாக்கி என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஒப்பந்தக்காரரின் கணக்கை அறக்கட்டளை ஏற்கவில்லை. கணக்கில் தகராறு வரலாம். அதற்காகக் கூலி காத்திருக்கக் கூடாது. ஒப்பந்தக்காரர் தரத் தவறிய கூலியை முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்றே அன்று நடைமுறையிலிருந்த 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21(4)ஆம் பிரிவு கூறியது. சுவரில் ஒரு கோடு வரைபவர் பங்கேற்பாளர். சுவரை எழுப்புபவரோ செலவுக் கணக்கில் ஒரு வரி.

நம் மக்களின் வாழ்வே கலைப்பொருளாகும்போது கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நிழற்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். படத்தில் இருப்பவர் அல்லர். எனவே கேமரா யார் கையில் என்பது உரிமைப் பிரச்சினை. வியாசர்பாடியில் நிழற்படக் கலைஞர் பழனிக்குமாரிடம் பயின்ற உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள், தம் பெற்றோரின் உழைப்பைத் தாமே படமெடுத்தனர். அவை அப்பிள்ளைகளின் பெயரிலேயே பாரி இணையதளத்தில் வெளியாயின. பங்கேற்பு என்ற சொல்லுக்கு அங்கே பொருள் இருக்கிறது.

பலர் கூடி உருவாக்கிய, பங்களிப்பைப் பிரித்தறிய முடியாத படைப்பைக் கூட்டுப் படைப்பாக அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு ஏற்கிறது. படைப்பாளி தன் பெயரைக் கோரும் உரிமையை 57ஆம் பிரிவு காக்கிறது. இவை தாமாக வந்து சேர்வதில்லை. பணி தொடங்குமுன் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். நம் தெருவுக்குக் கலைத்திட்டத்துடன் வருவோரிடம் மூன்றைக் கேட்போம்: கூலி எவ்வளவு, யார் பெயர் இடம்பெறும், விற்றால் பங்கு யாருக்கு? இதற்கு விடை எழுதித் தருபவரோடு சேர்ந்து படைப்போம். மற்றவர்களுக்கு நம் முகத்தையும் கையையும் இலவசமாகத் தர வேண்டிய கடன் நமக்கில்லை.