கலவையின் ஆயுள்

மயிலாப்பூர் தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் ஊட்டி உருளைக்கிழங்கு என்றால் விலை ஒரு படி கூட. அந்த ஊட்டியில், விஜயநகரம் பண்ணையில், 1961-இல் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தங்க நூற்புழுவைக் கண்டார். வேரைத் தாக்கும் இந்தப் புழுவின் முட்டைக்கூடு பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

அன்று உலகம் நம்பியது, மண்ணுக்குள் ஆவியாகப் பரவிக் கொல்லும் மருந்துகளை. 1943-இல் ஹவாய் அன்னாசித் தோட்டங்களிலிருந்து வால்டர் கார்ட்டர் அறிவித்த டி-டி ஒற்றை மருந்தல்ல, கலவை. டைகுளோரோபுரோப்பீன் புழுவைக் கொன்றது. உடன் வந்த டைகுளோரோபுரோப்பேன் புழுவை அதிகம் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் எளிதில் சிதையாமல் கலிபோர்னியாவின் நிலத்தடி நீரில் போய்ச் சேர்ந்தது. உழைத்தவன் கிளம்பிவிட்டான், ஒட்டி வந்தவன் தங்கிவிட்டான்.

பிற்பாடு வேண்டுமென்றே கலந்தார்கள். நூற்புழுவுக்கு டைகுளோரோபுரோப்பீன், பூஞ்சைக்குக் குளோரோபிக்ரின். மண்ணில் மருந்தைத் தின்று தீர்ப்பதில் நுண்ணுயிர்களுக்குப் பெரும் பங்குண்டு. அதை நமக்குத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் நம் மண் நுண்ணுயிரியலாளர் என். சேதுநாதன். டயசினான் என்ற பூச்சிக்கொல்லியைச் சிதைக்கும் பாக்டீரியா ஒன்றைப் பற்றி 1973-இல் யோஷிதா என்ற ஆய்வாளரோடு சேர்ந்து வெளியிட்டார். குளோரோபிக்ரின் அந்த நுண்ணுயிர்களையே அடக்கிவிடும்போது, கூட வந்த மருந்து வழக்கத்தைவிட நெடுநாள் மண்ணில் நிற்கிறது. டைகுளோரோபுரோப்பீனை மெட்டாம் சோடியம் என்ற இன்னொரு மண்மருந்தோடு கலந்தாலோ தலைகீழ். இரண்டும் தமக்குள்ளேயே வினைபுரிந்து, புழுவைத் தொடுமுன்பே வீரியம் இழக்கின்றன. கலிபோர்னியாவின் ரிவர்சைடில் உள்ள அமெரிக்க வேளாண்துறை ஆய்வகம் 2000-களில் இதைச் சோதித்துச் சொன்னது: ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இரண்டையும் இடாதீர்கள்.

நம்மூரில் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் ஒவ்வொரு மருந்தாகத்தான், அல்லது பதிவான கலவையாகத்தான் பார்க்கிறது. வயலில் விவசாயி தானே சேர்க்கும் இரண்டாவது மருந்துக்கு லேபிளில் எந்தக் கணக்கும் கிடையாது. முதல் மருந்தின் காத்திருப்பு நாட்களையே அவர் நம்பியாக வேண்டும்.

நீலகிரி தப்பித்தது கலவையால் அல்ல. விதைக்கிழங்கு வெளியே போகாமல் தடுத்ததும், பயிர் மாற்றியதும், 1985-இல் வந்த குஃப்ரி ஸ்வர்ணா என்ற எதிர்ப்பு ரகமும்தான் பெரிய உதவி. புழு முற்றாக ஒழிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஆகவே மருந்துக்கான தேவை மீண்டும் எழும். அப்போது கலிபோர்னியா மணலில் எடுத்த சிதைவுக் கணக்கை அப்படியே இங்கே எழுதிக்கொள்வது போதாது. மக்கு நிறைந்த, அமிலத்தன்மையுள்ள மலைமண்ணிலேயே, கலக்கும் இரண்டு மருந்துகளையும் தனியாகவும் சேர்த்தும் அளந்து பார்த்த பிறகுதான் பதிவு தர வேண்டும்.