ராணியின் பெயருக்கு அடுத்த வரி

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டுகிறவர்களை முதலில் சலிப்படையச் செய்வது விக்டோரியா மகாராணியின் பெயர்தான். 1877இல் பேரரசிப் பட்டம், 1887இல் பொன்விழா, 1897இல் வைரவிழா, 1901 ஜனவரி 22இல் மரணம் என்று விசேஷ நாட்களில் வருவது போதாதென்று, வரி, பஞ்சம், உத்தியோகம், கோயில் நிர்வாகம் என எதைப் பற்றிய கட்டுரையிலும் மகாராணியார் எட்டிப்பார்ப்பார். கண்டவுடன் ‘அடிமைப் புத்தி’ என்று முத்திரை குத்திவிட்டுப் பக்கத்தைத் தள்ளுவது ஆய்வாளர்களிடம்கூடப் பழக்கமாகிவிட்டது. அது அவசரத் தீர்ப்பு. அரசியல் பேசிய பத்திரிகைகளில் அந்தப் பெயர் பெரும்பாலும் ஒரு கோரிக்கைக்கு முன்னுரையாகவே வந்தது. அடுத்த வரியையும் சேர்த்துப் படித்தால் இது புரியும்.

அடுத்த வரியில் பெரும்பாலும் இருப்பது 1858 நவம்பர் 1 அன்று வெளியான மகாராணியின் அறிக்கை. கம்பெனி ஆட்சி முடிந்ததை அறிவித்த அந்த அறிக்கை தந்த வாக்குறுதிகளில் இரண்டு இங்கே முக்கியம்: மத விஷயத்தில் தலையிடுவதில்லை, இனமோ சமயமோ பாராமல், தகுதியுள்ளவர்களுக்கு இயன்றவரை உத்தியோகம். ‘இயன்றவரை’ என்ற வாலைப் பிடித்துக்கொண்டு அதிகாரிகள் தப்பித்தார்கள். வாக்குறுதியைப் பிடித்துக்கொண்டு பத்திரிகைகள் துரத்தின. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் எதிர்த்தபோது, அதற்குப் பதிலாகத்தான் 1878இல் ‘தி இந்து’ பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் ‘சுதேசமித்திர’னைத் தொடங்கினார். சிவில் சர்வீஸ் தேர்வு லண்டனில் மட்டுமே நடந்தது. எழுதுவதற்கான உச்ச வயதையும் 19 ஆகக் குறைத்தார்கள். அதைக் கண்டிக்க மகாராணியின் வார்த்தையைவிட வலுவான சாட்சி எது? கலெக்டரையும் கவர்னரையும் அவர்களுடைய எஜமானியின் கையெழுத்தைக் காட்டியே மடக்கலாம் என்று கண்டுகொண்டது கெட்டிக்காரத்தனம்.

காஞ்சிபுரத்துக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. வரதராஜப் பெருமாள் கோயிலில் ராபர்ட் கிளைவ் அளித்ததாகச் சொல்லப்படும் மகரகண்டியும், கலெக்டர் லயனல் பிளேஸ் பெயரால் வழங்கும் நகையும் இருக்கின்றன. கம்பெனிக்காரர்கள் கோயில் காரியத்தில் அவ்வளவு நெருங்கி நின்றவர்கள். மிஷனரிகளின் எதிர்ப்பால் அந்த நெருக்கம் தளர்ந்தது. 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம் கோயில்களைக் கமிட்டிகளிடமும் தர்மகர்த்தாக்களிடமும் ஒப்படைத்துவிட்டது. வடகலை, தென்கலை சண்டை கோர்ட்டு கோர்ட்டாக ஏறியது. சொத்து கைமாறுகிறது, கணக்கு இல்லை என்று முறையிட்டவர்களுக்கு, மகாராணி தலையிடுவதில்லை என்று வாக்களித்திருக்கிறாரே என்பது வசதியான பதிலாயிற்று. ஆக, அதே அறிக்கை பத்திரிகைக்கும் ஆயுதம், சர்க்காருக்கும் கேடயம். ராணியின் பெயரை எழுதியவர்களுக்கு எப்போதும் வெற்றி கிடைத்தது என்று நாம் சொல்லவில்லை.

பஞ்சத்தில் அது அறவே உதவவில்லை. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு பட்டமளிப்பு தர்பார் நடத்தினார். அந்த மாதங்களில் செங்கற்பட்டு உட்பட மதராஸ் மாகாணத்தில் ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். நிவாரண வேலையில் இருந்தவர்களின் கூலியை அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசுமாகக் குறைத்தார். மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை வெளிப்படையாக எதிர்த்தார். சோற்றுக்கே வழியில்லாத வருஷத்தில் புதுத்துணி யார் எடுப்பார்கள்? நெசவாளி தெருவுக்கு வந்ததில் வியப்பில்லை.

பயத்தால் எழுதினார்கள் என்று சிலர் சொல்வார்கள். பயம் இருந்தது உண்மை. ராஜத்துரோகப் பிரிவு 124ஏ 1870இலேயே வந்துவிட்டது. 1897இல், வைரவிழா ஆண்டிலேயே, திலகரைச் சிறைக்கு அனுப்பிய வழக்கின் ஆங்கிலத் தலைப்பில் வாதியாக நின்றவர் அந்த ராணி-பேரரசியே. ஆனால் பயந்தவன் புகழ்ந்துவிட்டுச் சும்மா இருப்பான்; இவர்கள் புகழ்ந்த கையோடு வரியைக் குறை, பதவியைக் கொடு என்று கேட்டார்கள். கவர்ச்சியும் இருந்தது. பாரதி 1905இல் பொறுப்பேற்ற பெண்கள் மாத இதழின் பெயரே ‘சக்கரவர்த்தினி’. அதே பாரதி 1908இல் புதுச்சேரிக்குப் போக நேர்ந்தது. சுப்பிரமணிய ஐயர் அந்த ஆண்டே ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் நிலை வேறு. சாதி அடைத்த கதவை வெள்ளையர் ஆட்சி சற்றே திறந்தது என்று கண்டவருக்கு அந்த விசுவாசம் அனுபவத்தில் விளைந்த அரசியல் முடிவு. சுதேசி மேல்சாதியாரின் தேசபக்தியை அளவுகோலாக வைத்து அதை அளக்கக் கூடாது.

இதையெல்லாம் உறுதியாகப் பேச மூல இதழ்கள் வேண்டும். அன்றைய பல தமிழ்ப் பத்திரிகைகள் இன்று சர்க்கார் மொழிபெயர்ப்பாளர்கள் எழுதிவைத்த ஆங்கிலச் சுருக்கங்களில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. எது ஆபத்து என்று சர்க்கார் நினைத்ததோ அதுதான் அதில் இருக்கும். நமக்கு வேண்டியது விடுபட்டிருக்கும். காஞ்சியில் பழைய மண்டபத்திலோ வீட்டுப் பரணிலோ இதழ்க்கட்டுகள் வைத்திருப்பவர்கள் பேப்பர் கடைக்கு எடை போடுவதற்கு முன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.