கலை சோறு போடுமா?

"வேலையை விடு, கனவைத் துரத்து" என்று கல்லூரி மேடைகளில் பேசுகிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. விழுந்தால் தாங்கிக்கொள்ள வீடும் நிலமும் உறவினர் செல்வாக்கும் உள்ளவர்களுக்குத்தான் அந்த அறிவுரை பொருந்தும். மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கல்லூரிக் கட்டணம் கட்டிய அம்மாவின் பிள்ளையிடம், குடும்பத்தின் முதல் பட்டதாரியிடம், "பயப்படாதே" என்று மட்டும் சொன்னால் போதாது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

சமூகப் பணியில் நான் சந்திக்கும் விடுதி மாணவர்களில் பலர் யாருக்கும் சொல்லாமல் எழுதுகிறார்கள், வரைகிறார்கள், பாடுகிறார்கள். நோட்டின் முன்பக்கங்களில் குரூப் ஃபோர் குறிப்புகள், கடைசிப் பக்கங்களில் கவிதை. வீட்டில் சொன்னால் "மொதல்ல ஒரு வேலைய வாங்கு" என்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அப்படிச் சொல்லும் பெற்றோரை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள் தோழர்களே.

நம் பெரியவர்களில் பலருக்குக் கலை என்ற பெயரில் வாய்த்தது என்ன? ஊர் கூப்பிட்ட நேரத்தில் பறையைத் தூக்கிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போவது, வாசலுக்கு வெளியே நின்று அடிப்பது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்புவது. திறமை அவர்களிடம் இருந்தது. 'வரமாட்டேன்' என்று சொல்லும் உரிமைதான் இல்லை. "இனி அடிக்க மாட்டோம்" என்று மறுத்ததற்காக வன்முறையையும் ஊர்க்கட்டுப்பாட்டையும் சந்தித்த சேரிகள் உண்டு. அந்த நிலையிலிருந்து மீண்ட ஒரு தாத்தாவிடம் பேரன் போய் "நான் இசைக் கலைஞன் ஆகப்போறேன்" என்றால், அவருக்கு அந்தப் பழைய வாசல்தான் நினைவுக்கு வரும்.

ஆனால் அந்த மறுப்புதான் பறையை மேடைக்கும் கொண்டுவந்தது. அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையை வென்ற பிறகு, விரும்பி அடிப்பது விடுதலைக் கலை ஆனது. 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் மேடையேறியபோது, சாவுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவைக் கேட்க ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். வீட்டில் நீங்கள் விளக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். கட்டாயத்தின் பேரில் செய்வது வேறு. தேர்ந்தெடுத்து, கூலியும் பெயரும் கேட்டு வாங்கிச் செய்வது வேறு.

நமக்கு முன்னால் இதைச் செய்தவர்களுக்கும் வசதி இருக்கவில்லை. இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக வைத்து 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார் இரட்டைமலை சீனிவாசன். 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்கு விலையே பெயராக இருந்தது. மும்பையில் டாக்சி ஓட்டிய நாம்தேவ் தாசல் 1972இல் தலித் பேந்தர்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். மராத்திக் கவிதையின் மொழியை மாற்றியவரும் அவர்தான். கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த பாமா, 1992இல் தன் சேரியின் பேச்சுமொழியிலேயே 'கருக்கு' எழுதினார். சொந்த ஊரிலேயே முதலில் கோபத்தைத்தான் சந்தித்தார். 'கோவேறு கழுதைகள்' எழுதிய இமையம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய 'செல்லாத பணம்' 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருதைப் பெற்றது.

எனவே வேலைக்குப் போவதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். வேலை வாங்குங்கள், கடனை அடையுங்கள், கூடவே எழுதுங்கள். "செட்டில் ஆன பிறகு" என்று தள்ளிப்போட்டால் அந்த நாள் வரவே வராது. தங்கை கல்யாணம், வீட்டுக் கடன் என்று அடுத்தடுத்து ஒன்று வந்துகொண்டே இருக்கும். பெண் தோழர்களுக்கு இது இன்னும் கடினம். வீட்டு வேலை முடிந்து மிச்சமிருக்கும் நேரம்தான் அவர்களுடையது. அந்த அரை மணி நேரத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்கவும் துணிச்சல் வேண்டும்.

இயக்கத்துக்குள்ளும் ஒரு குரல் உண்டு: "மக்கள் செத்துக்கிட்டு இருக்காங்க, இப்ப கவிதையா முக்கியம்?" அரசியல் வேலைகளுக்கு நடுவே பாபாசாகேப் அம்பேத்கர் வயலின் கற்றுக்கொண்டார். அதனால் அவர் போராட்டம் குறைந்துவிடவில்லை. இன்னொரு எதிர்பார்ப்பு, நம்மவர்கள் வலியை மட்டுமே எழுத வேண்டும் என்பது. காதலை, கேலியை, மழைநாளில் அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை எழுதவும் நமக்கு உரிமை உண்டு. நம் வாழ்க்கை முழுவதும் எழுதத் தகுந்தது என்று நம்புவதும் சாதி எதிர்ப்புதான்.

ஆனால் எல்லாப் பாரத்தையும் இளைஞர்கள் தலையிலேயே வைப்பது நியாயம் இல்லை. நம் கூட்டங்களைக் கொஞ்சம் பாருங்கள். போஸ்டர் வடிவமைத்தவருக்குப் பணம் கிடையாது, "தோழர்தானே" என்கிறோம். பறைக்குழுவைக் கூப்பிட்டு, ஒரு துண்டைப் போர்த்தி, பஸ் காசைக் கொடுத்து அனுப்புகிறோம். ஊர் நம் தாத்தாக்களுக்குச் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கூட்டச் செலவுக் கணக்கில் மைக் செட்டுக்கு ஒரு வரி இருப்பதுபோல் கலைஞர் ஊதியத்துக்கும் ஒரு வரி இருக்கட்டும். நம்மவர் புத்தகத்தை ஓசியில் கேட்காமல் காசு கொடுத்து வாங்குவோம். விடுதியில் மாதம் ஒருநாள், எழுதியதை ஒருவருக்கொருவர் வாசிக்கும் கூட்டம் நடத்துவோம்.

கலை சோறு போடுமா என்று இனி யாராவது கேட்டால், அந்தக் கேள்வியை இயக்கத்திடமும் கேளுங்கள். நம் கலைஞர்களுக்குச் சோறு போட நாம் தயாரா?