கிரவுண்டு இருக்குதாப்பா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சித்தி மகன் மனைவி, பிள்ளையோடு வீட்டுக்கு வந்திருந்தான். எங்கள் வந்தவாசியில் யார் வந்தாலும் முதலில் கோரைப்பாயைத்தான் விரிப்போம். அன்று அந்தப் பாயின் மேல் ஒரு மனைப்பிரிவு வரைபடமும் விரிந்தது. இடம் கூடுவாஞ்சேரியிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர். பெரியவர்கள் ஐந்து பேரும் அதைச் சுற்றிக் குனிந்து உட்கார்ந்தோம். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் எவ்வளவு தூரம்? தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும்? பட்டா தனியா, கூட்டா? இன்னும் ஐந்து வருடத்தில் சதுர அடி என்ன விலைக்குப் போகும்?

எங்கள் தோள்களுக்கு நடுவே தலையை நுழைத்து, அவனுடைய ஏழு வயது மகன் கேட்டான்: "அங்க கிரவுண்டு இருக்குதாப்பா?"

"ஒண்ணு என்னடா, ஒன்றரை கிரவுண்டே வாங்கப்போறோம்!"

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று பையனும் சிரித்தான். அப்புறம் அவன் எதுவும் கேட்கவில்லை. மனை வாங்குகிறவர்களுக்கு ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. அவனுக்கு அது ஸ்டம்பு நட ஒரு இடம். இரண்டு மணி நேரப் பேச்சில் அந்த ஊரில் ஒரு பிள்ளை எப்படி வாழும் என்று கேட்டது அவன் ஒருவன்தான். இந்த வீடு யாருக்காக என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "எல்லாம் இவனுக்காகத்தான்."

நானும் அப்படிச் சொன்னவள்தான். 2017-ல் கணவருக்கு ஒரகடத்தில் வேலை அமைந்தது. மகள் இங்கே ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தாள், மகன் ஒன்றாம் வகுப்பு போக வேண்டும். ஊரப்பாக்கம் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்தோம். பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜி.எஸ்.டி. சாலை ரொம்ப நல்ல பிள்ளை. கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்து, பள்ளிக்கூடம் 11 கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தச் சாலையில் நின்று பார்க்க வேண்டும் என்று படித்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பள்ளிப் பேருந்து 6.40-க்கு வரும். தெருத்தெருவாக நுழைந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாயங்காலமும் அதே சுற்று. மகன் பேருந்திலேயே தூங்கிவிடுவான், இறக்கிவிடும் அம்மா அவனை உலுக்கி எழுப்பி என் கையில் கொடுப்பார். காலையில் ஊட்டிய இட்லி பாதி நாள் வயிற்றில் தங்காது. பிள்ளைக்குப் பேருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்பினேனே தவிர, பேருந்தில் ஏற்றியது யார் என்று என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளில்கூட, ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைக்கு 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை உள்ள பிள்ளைக்கு 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பெற்றவள் அளக்காத தூரத்தை முகம் தெரியாத யாரோ ஒரு அதிகாரி அளந்து வைத்திருக்கிறார்.

அவன் கால் என்ன நீளம் என்று பார்த்துச் செருப்பு வாங்கிய நமக்கு, அவன் பகல் என்ன நீளம் என்று பார்க்கத் தெரியாமல் போனது எப்படி?

என் தாய்மாமன் ஆரணியில் பட்டு நெய்தவர். வாடகைக்கு வீடு மாற வேண்டும் என்றால் அவர் பார்க்கிற விதமே வேறு. தறிக்குக் குழி வெட்ட வீட்டுக்காரர் விடுவாரா, தரையில் ஈரம் ஊறுமா, தறி மேல் காலை வெளிச்சம் விழுமா, பாவு நீட்டத் தெரு நேராக இருக்கிறதா, பாவு பிடிக்கக் கூப்பிட்டால் அக்கம்பக்கத்தில் ஆள் வருமா. இத்தனையும் சரியாக இருந்தால்தான் வாடகை எவ்வளவு என்றே கேட்பார். சமையலறை எங்கே இருக்கிறது என்பதைக் குடிபோன பிறகுதான் பார்த்தார் என்று அத்தை கடைசிவரை குறைபட்டுக்கொள்வாள். தறிக்கு வாய் கிடையாது, அதனால் அதற்கு என்ன வேண்டும் என்று மாமா யோசித்தார். நம் பிள்ளைக்கு வாய் இருக்கிறது. என்ன வேண்டும் என்று நாம் ஏன் கேட்கவில்லை?

கேட்காதது மட்டும் இல்லை, சொன்னதையும் காதில் வாங்கவில்லை. ஊரப்பாக்கத்து வீட்டைப் பார்க்கப் போன அன்று, மதில் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு ஓடியதைக் காட்டி, "இது என்னம்மா?" என்றாள் மகள். "பெயிண்ட் போயிருக்கும்டி" என்றேன். வெள்ளம் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் பிள்ளைகளை மொட்டை மாடியிலிருந்து படகில் இறக்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்து உச்சுக்கொட்டியவள் நான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூரில் மறுபடியும் தண்ணீர்.

நாமெல்லாம் ஏரிக்காட்டு மனிதர்கள். ஏரி கோடி போனால் வேலையைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்க்கிறவர்கள். எது உள்வாய், எது கலங்கல், தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பது நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஊர்ப் பெயர் ஏந்தல் என்றோ தாங்கல் என்றோ முடிந்தால் அங்கே ஏரி உண்டு என்று பாடம் படித்தா தெரிந்துகொண்டோம்? சொந்த ஊரில் ஏரி உள்வாயில் மாட்டுக்கொட்டகைகூடப் போட மாட்டோம். சென்னைக்குப் பக்கத்தில் என்றதும் அதே உள்வாய்க்கு ஒரு நகரின் பெயரைச் சூட்டி, நுழைவு வளைவு கட்டி, புல்தரை விரித்துக் காட்டினால் முன்பணத்தை எடுத்து நீட்டுகிறோம். கிராம நிர்வாக அலுவலகத்தில் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்தால் பக்கத்துப் புல எண் ஏரியா, ஓடையா, வாய்க்காலா என்பது தெரிந்துவிடும். நாம் பார்ப்பதெல்லாம் வில்லங்கச் சான்றிதழ். சொத்துக்கு வில்லங்கம் இருக்கக் கூடாது, பிள்ளைக்கு இருந்தால் பரவாயில்லையா?

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. மகனிடம் நாங்கள் பொய் சொன்னோம். அழுவான் என்று பயந்து, "லீவுக்கு ஒரு ஊருக்குப் போறோம்" என்று சொல்லித்தான் அழைத்துப் போனோம். லாரியில் பீரோ ஏறுவதைப் பார்த்து, "லீவுக்கு எதுக்குப் பீரோ?" என்றான். பள்ளி திறந்த முதல் நாள் சீருடை போட்டுவிட்டபோது, "லீவு எப்ப முடியும்மா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை. மகளுக்கு விஷயம் தெரியும். புறப்பட்ட அன்று அவள் சிநேகிதி வாசலில் வந்து நின்றாள். "போன்ல பேசிக்கலாம்டி, நேரமாச்சு" என்று இரண்டு பேரையும் பிரித்து அனுப்பினேன். யாருடைய போனில்? பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் ஏது போன்? என் போனை நான் கொடுத்தது இரண்டு தடவை இருக்கும்.

மாமியாரோடு நமக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் வந்தால் தங்கையைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் ஆற்றிக்கொள்கிறோம். ஐந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்த சிநேகிதியைப் பிள்ளை விட்டுவிட்டு வந்தால், "அங்க புது ஃபிரெண்ட்ஸ் கிடைப்பாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோமே, அது எப்படி?

ஊரை விட்டே போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ரயில் இன்னும் வந்து சேராத ஊர் இது. வேலை ஸ்ரீபெரும்புதூரில் இருந்தால் சோறும் அந்தப் பக்கம்தான். வந்தவாசியில் இருந்துவிட்டால் பிள்ளை சொர்க்கத்தில் இருக்கிறது என்றும் இல்லை. சுற்று வட்டக் கிராமங்களிலிருந்து ஆங்கில வழிக்காக இங்கே குடிவந்து, ஓர் அறை வீட்டில் பாட்டியையும் பேரனையும் வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். தேரடி பக்கம் சாயங்காலம் டியூஷன் பை தூக்கிக்கொண்டு போகிற பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். ஊர் சின்னது, அவ்வளவுதான்.

ஆனால் போகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஆறாம் வகுப்பில் மகளை அந்தத் தனியார் பள்ளியில் சேர்த்தபோது பெரிய ஏணியில் ஏற்றிவிட்டதாக நினைத்தோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவாசிக்கு வந்தோம், கணவரைத் தவிர யாரும் திரும்பப் போகவில்லை. ஒன்பதாம் வகுப்பை அவள் இங்கே அரசுப் பள்ளியில் தொடங்கினாள். அதே வருடம் அக்டோபரில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. மறுவருடம் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறிலிருந்து எட்டு வரை கட்டாயக் கல்விச் சட்ட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் ஏற்பார்கள். இவள் கட்டணம் கட்டிப் படித்தவள். மூன்றே வருடம், கதவு சாத்திவிட்டது. 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அதே காரணத்தால் அவளுக்கு இல்லை. அவள் டாக்டராகியிருப்பாள் என்று நான் பீற்றிக்கொள்ளவில்லை. 2017-ல் இந்தத் திட்டங்கள் இல்லை, எங்களுக்குத் தெரிந்திருக்கவும் முடியாது. இப்போது போகிறவர்களுக்கு அந்தச் சாக்குகூட இல்லையே? பள்ளிக்கு மேல் பள்ளியாக விசாரிக்கும் நாம், அந்தப் பேட்டையில் அரசுப் பள்ளி எங்கே இருக்கிறது என்று ஒரு தடவையாவது கேட்கிறோமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுச் சான்றிதழ் கிடைக்கத் தாமதமாகிறது என்பதற்காகப் பிள்ளையை வருடக்கணக்கில் பிடிக்காத இடத்தில் விட்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு வரை, சான்றிதழ் வரவில்லை என்ற காரணத்துக்காக அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு சொல்கிறது. நாங்கள் ஒரு தவணைக் கட்டணம் முழுதாகக் கட்டிய பிறகுதான் இது தெரிந்தது.

திரும்பி வந்து, ஊரடங்கு தளர்ந்த முதல் வாரம் மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோட்டைப் பக்கம் போய்விட்டான். 1760-ல் வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்ட இடத்தில் இவன் வயதுப் பிள்ளைகள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். இருட்டியும் வரவில்லை என்று நான் பதறிக்கொண்டிருந்தபோது, தெருமுனைக் கடைக்காரர், "உங்க வீட்டுப் பையன் கோட்டையாண்ட இருக்கான், வந்துடுவான்" என்றார். மூன்று வருடம் குடியிருந்த ஊரப்பாக்கத்துத் தெருவில் என் மகனின் முகம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று அன்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன். தண்ணீர் கேன் போடுகிறவர் ஒருவர். மாடி வீட்டுக்காரர் இன்னொருவர். அவருக்கும் பெயர் தெரியாது, "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்.

சித்தி மகனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை நாளில், சாயங்காலம் ஐந்து மணிக்கு, பையனையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போ. தரகரை அழைக்காதே. ஒரு மணி நேரம் சும்மா நடந்து பார்.

போன புதன்கிழமை போயிருக்கிறான். ராத்திரி போன் செய்தான். "நல்ல தார் ரோடுக்கா. தெருவிளக்கெல்லாம் எரியுது. ஒரு பூங்காவுக்குக்கூட இடம் விட்டிருக்காங்க, கேட்டு மட்டும் பூட்டியிருந்துச்சு" என்றான்.

"பையன் என்ன சொன்னான்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பையில மறைச்சுப் பந்து எடுத்துட்டு வந்திருக்கான்க்கா. வெளியவே எடுக்கல. 'இங்க இருக்கற பசங்கல்லாம் எங்கப்பா போயிட்டாங்க?'ன்னு கேட்டுக்கிட்டே வந்தான்."