முள்ளந்தண்டு முறிந்தோரும் நமது கடமையும்

பனையேறும் தொழிலாளி கால் தவறி வீழ்கிறான். தம்பலகாமத்து வயலில் உழவு இயந்திரம் புரள்கிறது. கந்தளாய் வீதியில் மோட்டார் சைக்கிள் லொறியோடு மோதுகிறது. உயிர் போகவில்லை என்று உற்றார் ஆறுதல் கொள்கின்றனர். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வுமில்லை, அசைவுமில்லை. முள்ளந்தண்டின் நடுவே ஓடும் நரம்பு வடமாகிய முண்ணாண் நசுங்கிவிட்டது. குடும்பத்தைத் தாங்கியவனைக் குடும்பம் தாங்கவேண்டிய நிலை ஒரு நொடியில் வந்துவிடுகிறது.

இந்தத் துயரைத் திருகோணமலை நன்கறியும். 2009ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் மே வரை, வன்னிப் போர்க்களத்திலிருந்து செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாட்டிற் கடல் வழியாகக் கொணரப்பட்டோர், காயமுற்றோரும் நோயாளரும் அவர்தம் உறவினருமாக, ஏறக்குறைய 14,000 பேர். முதலில் நமது துறைமுகத்திலும், பின்னர் மாவட்டத்தின் வட எல்லையான புல்மோட்டையிலும் அவர்கள் கரையிறக்கப்பட்டனர். எறிகணைத் துண்டு முள்ளந்தண்டிற் பாய்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். போர் ஓய்ந்தது, அவர்களின் நோய் ஓயவில்லை.

முண்ணாண் முறிந்தவரைக் கொல்வது பெரும்பாலும் அந்த முறிவன்று, அதன் பின்னே வரும் தொல்லைகளே என்பதை நம் மக்கள் அனைவரும் அறிதல் வேண்டும். உணர்வற்ற உடல் ஒரே பக்கமாகக் கிடக்கும்பொழுது, எலும்புக்கும் பாய்க்கும் இடையே நசுங்கிய தோல் இரத்தவோட்டமின்றி அழுகுகின்றது. வலி இல்லையாதலின் நோயாளிக்கு அது தெரிவதில்லை. சிறுநீர்ப்பை தானாக வெறுமையாவதில்லை. தேங்கிய நீரில் கிருமி பெருகி, அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றது. படுக்கைப் புண்ணும் சிறுநீரகக் கேடுமே இவர்களின் கூற்றுவன்.

இக் கூற்றுவனை எதிர்க்க வழி கண்டவர், இட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்து சென்ற யூத வைத்தியர் லுட்விக் குட்மன். 1944இல் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டுப் பிரிவைத் தொடங்கிய அவர், புதிய மருந்து எதனையும் கொண்டுவரவில்லை. இரண்டு மணிக்கொருமுறை, இரவிலும் பகலிலும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தார். சில கிழமைகளிலோ மாதங்களிலோ இறந்துபோவார் என்று கைவிடப்பட்டவர்கள் எழுந்து அமர்ந்தனர், தொழில் கற்றனர், வில்லேந்தி விளையாடினர். 1972இல் அமெரிக்க வைத்தியர் ஜாக் லபிடெஸ் மற்றோர் உண்மையை நிறுவினார். கையைக் கழுவி, சுத்தமான மெல்லிய குழாயினால், குறித்த நேரங்களிற் சிறுநீரைத் தானே வடித்துக்கொள்ளும் ஒருவர் தமது சிறுநீரகத்தைக் காத்துக்கொள்ளலாம் என்பதே அது. கோடிக் கணக்கான மக்களைக் கொண்ட நாடுகள் இன்றும் பின்பற்றும் இவ்விரு வழிகளும் பெருஞ்செல்வத்தை வேண்டுவன அல்ல. பயிற்சியையும் ஒழுங்கையும் வேண்டுவன.

முறிந்த முண்ணாணையே சீராக்கும் முயற்சியை நாம் இகழவில்லை. ஆயினும் அதன் வரலாறு பொறுமையைப் போதிக்கின்றது. காயம்பட்டு எட்டு மணி நேரத்துள் மெதைல்பிரெட்னிசொலோன் என்னும் மருந்தை மிகுந்த அளவில் ஏற்றினால் நன்மை உண்டு என 1990இல் ஓர் ஆய்வு கூறியது. உலகெங்கும் வைத்தியர் அதனைக் கையாண்டனர். 2013இல் அமெரிக்க நரம்பியற் சத்திரசிகிச்சை நிபுணரின் வழிகாட்டி, தீங்குகளை எடுத்துக்காட்டி, அதனை வழங்கற்க என்றது. மறுபுறம், 24 மணி நேரத்துள் சத்திரசிகிச்சை செய்து முண்ணாணின் மீதுள்ள அழுத்தத்தை நீக்குதல் நலம் என 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. 2024இல், கழுத்தில் முண்ணாண் காயமுற்று நெடுநாளாகக் கை செயலிழந்திருந்த 60 பேருக்குத் தோலின் மேலிருந்து மின்தூண்டலும் பயிற்சியும் சேர்த்தளித்ததில், 72 வீதத்தினரின் கைகள் வலுவும் செயலும் கூடப் பெற்றன. நல்ல செய்தி, ஆனால் முழுக் குணமன்று. இவ்வாறிருக்க, மூலவுயிரணு ஊசியொன்றினால் நடக்க வைப்போம் என்று வயலை விற்கச் செய்யும் வணிகரிடம் நம் மக்கள் ஏமாறலாகாது. நிறுவப்படாத சிகிச்சைக்குப் பணம் கேட்பவன் ஆய்வாளன் அல்லன்.

ஆய்வு என்பது செல்வநாடுகளின் தனியுடைமையோ? அன்று. 1979இல் வலரி ரெய்லர் தொடங்கிய வங்காளதேசத்துப் பக்கவாதமுற்றோர் புனர்வாழ்வு நிலையம், சிட்னிப் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, முண்ணாண் காயமுற்று வீடு திரும்பிய 410 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தது. ஒரு சாராரைத் தொலைபேசியிலும் நேரிலும் அடிக்கடி விசாரித்தனர்; மறுசாராருக்கு வழக்கமான கவனிப்பு. இறந்தோர் தொகையில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை என்பதே 2020இல் வெளியான முடிவு. விரும்பிய விடை கிடையாதபோதும் அதனை மறைக்காது உலகுக்குரைத்தனர். ஏழை நாடொன்று, தன் குடிசைகளிற் கிடக்கும் நோயாளரைப் பற்றித் தானே வினாவெழுப்பி, தானே விடை தேடியது. அதன் பெருமை அதுவே. நம்மாலும் அது ஆகாதா?

தமிழ் மண்ணில் வழிகாட்டிகள் இல்லாமலில்லை. 1954இல் வாகன விபத்தில் முண்ணாண் முறிந்த வைத்தியர் மேரி வர்கீஸ், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். 1966இல் அங்கே புனர்வாழ்வு நிலையம் எழக் காரணராயினார். நம் வன்னியிலோ, மாங்குளத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர் தாமே கூடி 'உயிரிழை' அமைப்பை உருவாக்கி ஒருவரையொருவர் தாங்குகின்றனர்.

ஆகவே சுகாதார அமைச்சிடமும் கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களத்திடமும் நாம் கேட்பவை மூன்று. இராகமைப் புனர்வாழ்வு வைத்தியசாலை இங்கிருந்து ஏறக்குறைய 250 கிலோமீற்றர். மூதூரிலும் வெருகலிலும் உள்ள ஏழை, புண் ஆறவும் குழாய் மாற்றவும் அங்கே செல்ல வேண்டுமோ? திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் முள்ளந்தண்டு நோயாளருக்கெனத் தனிக் கட்டில்களும், பயிற்சி பெற்ற தாதியரும், இயன்மருத்துவரும் நிலையாக அமைதல் வேண்டும். இது முதலாவது. மாவட்டத்திலுள்ள ஒவ்வொருவரின் காயம், புண், சிறுநீரக நிலை ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆண்டுதோறும் பதியும் பதிவேடு திறக்கப்படல் வேண்டும். இது இரண்டாவது. அப் பதிவேட்டை அடிப்படையாகக் கொண்டு, நோயாளரின் தாய்மொழியில் விளக்கி அவர்தம் சம்மதம் பெற்று, கிழக்குப் பல்கலைக்கழகம் ஆய்வுகளை நடத்தல் வேண்டும். இது மூன்றாவது.

அரசு செய்யுமளவும் நாம் கைகட்டியிருத்தல் தகாது. மரத்திலிருந்து வீழ்ந்தவரைத் தோளிலும் முச்சக்கர வண்டியிலும் மடித்துத் தூக்காதீர். கிடந்த நிலையிலேயே விட்டு, கழுத்து அசையாமல் வைத்து, அம்புலன்சை அழையுங்கள். கற்றோர் தத்தம் கிராமத்திற் படுக்கையிலிருப்போரைத் தேடிச் செல்லுங்கள். பாடசாலையும் கோயிலும் பிரதேச செயலகமும் சக்கர நாற்காலிக்கு வழிவிடச் செய்யுங்கள். ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 1996ஆம் ஆண்டிலேயே நம் நாட்டிற் பிறந்துவிட்டது. அதற்கு உயிரூட்ட வேண்டியவர் நாமே.

முறிந்த முண்ணாணை ஒட்டவைக்கும் நாள் வந்தே தீரும் என நம்புகின்றோம். அந்நாள் வரும்பொழுது நம்மவர் உயிரோடிருத்தல் வேண்டும். அதற்கான வேலை இன்றே, இம் மாவட்டத்திலேயே தொடங்கட்டும்.